திரைக் கயிறு

மவுண்ட் வெல்லிங்டன்,
ஓக்லாந்து.
4.5.1997

தங்கச்சி ஆனந்தவல்லி, என்ன செய்கிறாய்? இருமல் விட்டதோ? ஆடு குட்டி போட்டதோ? கையில் உள்ள வேலையை வைத்துவிட்டு ஒரு இடத்தில் இரு. இது நின்றுகொண்டு வாசிக்கிற கடிதம் இல்லை.

இங்கே எல்லாருக்கும் சுகம். உன் மச்சாள் கல்யாணிக்குக் குளிரில் விரல் மடங்குதில்லை. வாய்க்கு மட்டும் குளிர் பிடிக்கவில்லை, அது வழக்கம்போல ஓடுகிறது. பேரப்பிள்ளைகள் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுதுகள். நான் தலையை ஆட்டிவிட்டு, பிறகு போய் மகள் கஜானியிடம் என்ன சொன்னதுகள் என்று கேட்பேன்.

கோழி வெட்டுகிற வேலையை விட்டுவிட்டேன். விரி என்ற இடத்தில் இருக்கிற அந்தத் தொழிற்சாலைக்குள் நிற்பது ஐஸ்பெட்டிக்குள் நிற்கிற மாதிரி. நாலு வருஷத்தில் முழங்கால் இரண்டும் விறைத்துப்போயிற்று. அங்கே ஒரு சமோவாக்காரன் என்னோடு வேலை செய்தவன், ஆள் தேர் மாதிரி, பெட்டி தூக்கும்போதெல்லாம் பாடுவான். ஒருநாள் என்ன நடந்ததென்றால், சரி, அதைப் பிறகு சொல்கிறேன். இப்போது பட்டினத்துக்குள் ஒரு பெரிய தியேட்டரில் துப்புரவு வேலை. படம் ஓடுகிற தியேட்டர் இல்லை. மேடை, தங்கச்சி, மேடை! முதல் நாள் தும்புத்தடியோடு திரைக்குப் பின்னால் போய் நின்றேன். பவுடரும் வேர்வையும் பலகைத் தூசியும் கலந்த அந்த மணம் வந்தது பார், உலகம் முழுக்க மேடைக்குப் பின்பக்கம் ஒரே மணம்தான் போலிருக்கிறது.

இனித்தான் விஷயம். ஓகஸ்ட் மாதம் இங்கே ஒரு அம்மா பாட வருகிறா. பெயர் ஐரிஸ் ஹால்டன். இங்கிலாந்துக்காரி, வயது அறுபத்தொன்று. வாசலில் பனை உயரத்துக்கு அவவின் படம் ஒட்டியிருக்கிறார்கள். ஒப்பரா என்று இவர்களுக்கு ஒன்று இருக்கிறது. வேறொன்றுமில்லை, எங்கட இசைநாடகம்தான். ராசா, ராணி, நஞ்சுக் கிண்ணம், எல்லாத்தையும் பாட்டிலேயே கதைப்பது. பெண்களுக்குள் ஆக மேலே ஏறுகிற குரலுக்குச் சோப்பிரானோ என்று பெயராம். அந்தக் குரலில் இந்த அம்மாவை மிஞ்ச ஆளில்லையாம்.

இதெல்லாம் எனக்குச் சொன்னது உஷா. வேஷ உடுப்புத் தைக்கிற அறையில் வேலை செய்கிற பிள்ளை, மதுரைப் பக்கம்.

"இவங்களைத் தெரியாதா அண்ணே? இவங்க பாடுனா இங்கிலாந்து ராணியே வந்து உக்காந்து கேப்பாங்களாம். பட்டமெல்லாம் குடுத்திருக்காங்க."

"ராணிக்கு வேற என்ன வேலை, பிள்ளை?"

"உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்களா?"

"நாங்கள் பேசுறேல்லை. கதைக்கிறனாங்கள்."

அந்த அம்மா நிலக்கரி வண்டிக்காரர் ஒருவரின் மகளாம். பதினாறு வயதில் சலவைத் தொழிற்சாலையில் ஆஸ்பத்திரித் துணி மடித்தாவாம். மெஷின் போடுகிற சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமென்று பாடிப் பாடித்தான் குரல் அப்படி வளர்ந்ததாம். லண்டனுக்குப் போய்ப் பாட்டுப் படிக்க வீட்டில் ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. அவவின் தமையன்தான் விடியப்புறம் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் ஸ்டேஷனில் விட்டவராம். தமையன். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அது கிடக்கட்டும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு வெறும் கசெற் வருகிறது. அதில் ஒரு பாட்டுப் பாடி அனுப்பு. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். நீ பாடிக் கேட்டு முப்பத்துமூன்று வருஷம். ஏசுகிற குரலைச் சொல்லவில்லை, அது காணுமென்ற அளவு கேட்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அண்ணன்,
சற்குணம்


கரவெட்டி,
29.6.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதம் ஏழு வாரம் கழித்து, சண்டையில் தரைப்பாதை இன்னும் மூடிக் கிடப்பதால் கப்பலில், ஒரு மூலை கிழிந்து வந்து சேர்ந்தது. யாரோ பிரித்து வாசித்துவிட்டு ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் முழங்கால் நிலவரம் இப்போது அவர்களுக்கும் தெரியும்.

இருமல் இருக்கிறது. ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று கறுப்பு. மச்சாளை நல்லெண்ணெய் சூடாக்கி விரலில் தேய்க்கச் சொல்லுங்கள்.

கசெற் கிடைத்தது. இங்கே மின்சாரம் இல்லை. பற்றரி வாங்க நகைக்கடைக்குப் போவதுபோல் போக வேண்டும். அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

எனக்கும் பாட்டுக்கும் இருந்த உறவு அறுபத்துநாலாம் ஆண்டுத் திருவிழாவோடு முடிந்தது. ராணி வேஷத்தில் நான் பாடிய நாலு அடிப் பாட்டில் இரண்டாவது அடி முடியும்போது திரை விழுந்தது. நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திரை இழுத்தவர் நீங்கள்தானே. கயிறு அறுந்துவிட்டது என்றீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெரிய தியேட்டரில் திரையைக் கயிற்றிலா இழுக்கிறார்கள்? நல்ல கயிறுதானா?

அன்புள்ள தங்கை,
ஆனந்தவல்லி


மவுண்ட் வெல்லிங்டன்,
3.8.1997

தங்கச்சி, கறுப்புக் குட்டி எப்படி? துள்ளித் திரிகிறதோ? நல்லெண்ணெய் வைத்தியத்தால் கல்யாணியின் விரல் மடங்கிவிட்டது. மடங்கின விரலை இப்போது என்னைச் சுட்டிக் காட்டத்தான் பாவிக்கிறாள்.

ஐரிஸ் அம்மா வந்திட்டா! நான் நடைபாதை துடைத்துக்கொண்டிருக்கிறேன், எதிரே கம்பளிக் கோட்டோடு ஒரு கட்டை மனுஷி. யாரோ ரிக்கற் எடுக்க வழிதவறி வந்தது என்று நினைத்து, "அங்காலை போங்கோ" என்று கையைக் காட்டினேன். சிரித்துக்கொண்டு அங்காலே போனா. போய் ஒரு சுற்றுச் சுற்றி, பின்வாசலால் மேடைக்கு வந்து நின்றா. பிறகுதான் உஷா ஓடிவந்து தலையில் கை வைத்தாள்.

"அண்ணே! அவங்களையா வெளிய அனுப்புனீங்க?"

"படத்திலை பனை உயரமெல்லோ இருந்தவ!"

ஒத்திகை கேட்டேன். மைக் இல்லை, தங்கச்சி. கழுத்தில் ஒன்று, காதில் ஒன்று, ஒன்றுமில்லை. இரண்டாயிரம் கதிரை. நான் ஆகக் கடைசி வரிசையில் கதிரைக்குக் கீழே ஒட்டின சுவிங்கம் சுரண்டிக்கொண்டு இருக்கிறேன். அந்தக் குரல் வந்து என் முதுகில் கை வைத்த மாதிரி இருந்தது. சுரண்டுகிற கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு சொல் விளங்கவில்லை. விளங்காத சொல்லுக்கு எனக்கு ஏன் மயிர் கூச்செறிய வேண்டும், சொல் பார்ப்போம்.

லண்டனுக்குப் போன பிறகு என்ன நடந்தது என்று கேட்டாயோ? நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன். அஞ்சு வருஷம் கூட்டத்தோடு கூட்டமாக மூன்றாவது வரிசையில் நின்று பாடினாவாம். கையில் ஒரு காகிதப் பூக்கூடை, அவ்வளவுதான் வேஷம். ஒருநாள் ராணி வேஷக்காரிக்குக் காய்ச்சல். பின்னேரம் நாலு மணிக்கு ஆள் அனுப்பினார்களாம், ஏழு மணிக்கு மேடை. ராணியின் சட்டை இவவுக்கு நீளம். ஊசி குத்தி மடித்துக்கொண்டு போய்ப் பாடினா. விடிய எல்லாப் பேப்பரிலும் படம்! அதோடு இத்தாலி, வியன்னா, நியூயோர்க். ஒரு ஊரில் சனம் எழும்பி நின்று இருபது நிமிஷம் கைதட்டினதாம். இருபது நிமிஷம் கைதட்டினால் கை என்னத்துக்கு ஆகும் என்று உஷாவிடம் கேட்டேன். "கதையைக் கேளுங்க அண்ணே" என்றாள்.

இடைவேளையில் நான் மல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுக்கிறேன். இப்போது அது இல்லாமல் பாட மாட்டேன் என்கிறா. நேற்று அதைக் குடித்துக்கொண்டு, உஷா மூலம் என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டா. என் தங்கச்சியும் மேடையில் பாடினவள் என்று சொன்னேன். எங்கட பக்கத்தில் மீசை எடுத்த ஆம்பிளைகள்தான் ராணிக்கு ஆடுகிற காலத்தில், அவள்தான் முதல் வந்த பெண் என்று சொன்னேன். அம்மா கோப்பையை வைத்துவிட்டா. ஏன் விட்டவள் என்று கேட்டா. திரைக் கயிறு அறுந்துபோச்சு என்றேன்.

உஷா சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "கயிறுதானேங்கிறாங்க அண்ணே. மறுநாள் கட்டியிருக்கலாமேன்னு கேக்குறாங்க."

நான் வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில்: இங்கே கயிறு இல்லை. கிரெய்க் என்று ஒரு வெள்ளைக்காரன், ஒரு பொத்தானை அமத்துவான், திரை தானாக இறங்கும்.

கசெற்றை மறந்துவிடாதே.

அண்ணன், சற்குணம்


மவுண்ட் வெல்லிங்டன்,
14.8.1997

தங்கச்சிக்கு, சுகம்தானே?

முன்னம் எழுதினது இன்னும் உன் கைக்கு வந்திருக்காது, ஆனாலும் பொறுக்க முடியாமல் எழுதுகிறேன். நாளைக்கு நாடகம் தொடங்குகிறது. ஐரிஸ் அம்மாவின் நாற்பதாவது வயதில் நடந்ததை உஷா இன்றைக்குத்தான் சொன்னாள். பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் குரல் நின்றுவிட்டதாம். பேப்பர்காரர் முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். இரண்டு வருஷம் ஒரு சொல் பாடவில்லை. பிறகு ஒருநாள் கோப்பை கழுவும்போது தன்னை அறியாமல் வந்துவிட்டதாம். குசினியில் தொடங்கி, மெல்ல மெல்ல, மறுபடியும் மேடைக்கு வந்தாவாம்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு வருமென்றால் முப்பத்துமூன்று வருஷத்துக்குப் பிறகும் வரலாமோ என்று கேட்டேன். நீதான் சொல்ல வேண்டும்.

சற்குணம்


மவுண்ட் வெல்லிங்டன்,
25.8.1997

தங்கச்சி, இருக்கிறாயோ? கதவைச் சாத்திவிட்டு வந்து இரு. உன் அண்ணன் நேற்று ஒப்பராவில் நடித்துவிட்டான்!

முதலிலிருந்து சொல்ல வேண்டும். நேற்று ஞாயிற்றுக்கிழமை, பகல் ஆட்டம், கடைசி ஆட்டம். அதோடு ஐரிஸ் அம்மா மேடையை விடுகிறா. இனி எங்கேயும் பாட மாட்டாவாம். மனுஷியைச் சும்மா அனுப்புவதோ? எங்கட வளவுக்குப் பின்னால் கமேலியா என்று ஒரு மரம், இந்தக் குளிருக்குள்ளும் சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துத் தள்ளுகிறது. காலமை ஒரு கடகம் பூப் பிடுங்கினேன். தொட்டால் இதழ் உதிருகிற பூ, நாரில் கட்டச் சரிவராது. உஷா பொத்தான் தைக்கிற நூலும் பெரிய ஊசியும் தந்தாள். போதாத பூவுக்கு டெய்ரியில் கார்னேஷன் வாங்கினேன். டெய்ரி என்றால் இங்கே பால்பண்ணை இல்லை, மூலைக்கடை. அந்தக் கடைக்காரக் குஜராத்திக்கும் ஒரு கதை இருக்கிறது, அதை விடு. பார்க்க ஒரு கல்யாண மாலை மாதிரி வந்தது.

எங்கட மேடையில் மாலை எப்போது போடுவது? பாட்டு உச்சத்தில் நிற்கும்போது. ரசித்தவன் எழும்பி நேரே மேடைக்கு ஏறுவான், பாடுகிறவர் குனிந்து வாங்குவார், ஆர்மோனியம் அந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டு நிற்கும், பிறகு பாட்டுத் தொடரும். அதுதானே முறை? இவர்களுக்கு வேறு முறை என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைசிக் காட்சி. ராணி நஞ்சு குடித்துவிட்டா. குடித்த பிறகு கால் மணித்தியாலம் பாடுகிறா. அதற்கு நாங்கள் சிரிக்க ஏலாது, எங்கட ராணிகள் அரை மணித்தியாலம் பாடினவை. பாட்டின் முதல் பாதி முடிந்து ஒரு சுரத்தைப் பிடித்தா பார், பிடித்து, மெலிய விட்டு, மெலிய விட்டு, நூல் மாதிரி ஆக்கி, அறாமல் வைத்திருந்தா. இரண்டாயிரம் சனமும் மூச்சு விடவில்லை. பிறகு கைதட்டல், கூரை பறக்கிற மாதிரி! எனக்குக் கண் தெரியவில்லை. கால் தானாக நடந்தது. வெளிச்சத்துக்குள் போன பிறகுதான் தெரிந்தது, வாத்தியக்காரர் மற்றப் பாதியைத் தொடங்கிவிட்டார்கள், அம்மா வாயைத் திறந்துவிட்டா, நான் நடுமேடையில், துப்புரவுச் சட்டையோடு, முதுகில் கொம்பனியின் ரெலிபோன் நம்பரோடு, மாலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.

திரும்பிப் பார்த்தேன். கிரெய்க்கின் கை பொத்தானுக்குப் போகிறது. திரையைப் போடப் போகிறான்.

அம்மாவும் பார்த்தா. பாட்டை விடவில்லை, தங்கச்சி! ஒரு சொல் விடவில்லை. இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், உள்ளங்கையை விரித்துக் கிரெய்க்குக்குக் காட்டினா. பொறு என்று. பிறகு ராணி மாதிரியே இரண்டு அடி வைத்து என்னிடம் வந்து, தலையைக் குனிந்தா. நான் போட்டேன். போட்ட மாலையோடு நிமிர்ந்து, அதற்கு மேலே ஒரு சுரம் ஏறினா. நான் பின்பக்கமாக நடந்து, ஒரு தூணில் இடித்து, வெளியே வந்தேன். சனம் அதுவும் நாடகம் என்று நினைத்துவிட்டது! இன்றையப் பேப்பரில் யாரோ எழுதியிருக்கிறார்களாம், சாகிற ராணிக்கு ஏழைக் குடிமகன் ஒருவன் மாலையோடு வருகிற இடம் புதுமையாக இருந்ததென்று. கஜானி வாசித்துக் காட்டினாள். உன் மச்சாள் அதை வெட்டி, சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள்.

மனேஜர் சிவந்த முகத்தோடு வந்தான். என்னைக் கையோடு அனுப்பத்தான் வந்தான். அம்மா மாலையைக் கழற்றாமல் வந்து குறுக்கே நின்று ஏதோ சொன்னா. அவன் வாயை மூடிக்கொண்டு போய்விட்டான். உஷா எனக்குச் சொன்னாள்.

"முப்பத்தேழு வருஷமா எல்லாரும் பாடி முடிச்ச பிறகுதான் பூ குடுத்தாங்களாம் அண்ணே. முடியுற வரைக்கும் பொறுக்க முடியாம வந்த மொத ஆள் நீங்கதானாம்."

அழவேண்டிய இடம். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது. அதை இந்தக் கடிதத்துக்குள் வைக்க முடியாது.

அண்ணன்


29.8.1997

ஆனந்தவல்லி,

கயிறு அறவில்லை. நான்தான் விட்டேன்.

அன்றைக்கு உன் பாட்டை ரசித்த ஒரு லொறிக்காரர் மாலையோடு மேடைக்கு ஏறினார். சனத்துக்குள் ஒருவன், "சற்குணம், தங்கச்சிக்கு மாலை ஏறுது, தாலி எப்ப?" என்று கத்தினான். சனம் சிரித்தது. என் கை விட்டுவிட்டது. அறுந்துபோச்சு என்று நான்தான் முதலில் கத்தினேன்.

கிரெய்க்கின் கை பொத்தானுக்குப் போனபோது அது என் கை. ஐரிஸ் அம்மா உள்ளங்கையைக் காட்டினா, அவன் நிறுத்தினான். நீ அன்றைக்குக் கை காட்டினாயோ என்றுகூட எனக்குத் தெரியாது. நான் உன்னைப் பார்க்கவில்லை. சனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாட வேண்டாம். கசெற் வேண்டாம். கோபித்து ஒரு கடிதம் எழுது. அது காணும்.

சற்குணம்


மவுண்ட் வெல்லிங்டன்,
12.10.1997

தங்கச்சிக்கு, சுகமாக இருக்கிறாயோ? அங்கே மழை தொடங்கியிருக்கும். கப்பல் ஓடவில்லையோ? இங்கே தபால்காரப் பெண் சைக்கிளில் வருவாள், நான் படலையில் நிற்பதைப் பார்த்துத் தூரத்திலேயே தலையை ஆட்டிவிடுவாள். நல்ல பிள்ளை, சும்மா எதிர்பார்க்க விடமாட்டாள்.

ஐரிஸ் அம்மா இங்கிலாந்திலிருந்து ஒரு தபாலட்டை போட்டிருக்கிறா. மல்லித் தண்ணி எப்படி அவிப்பது என்று கேட்டிருக்கிறா. தங்கச்சியின் கயிறு கட்டியாச்சோ என்றும் கேட்டிருக்கிறா. முதலாவதுக்குப் பதில் எழுதிவிட்டேன்.

அண்ணன்


9.11.1997

அன்பான மச்சாளுக்குக் கல்யாணி எழுதுவது,

நாங்கள் சுகம். உங்கட சுகத்துக்கும் அம்மாளாச்சியை வேண்டுகிறேன். எனக்கு அண்ணன் தங்கச்சிக்குள் வாறதுக்கு விருப்பமில்லை. ஆனால் இந்த மனுஷனை வைத்திருக்கிறது நான். சோற்றுக்குள் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறார். "என்னப்பா?" என்றால் "கப்பல்" என்கிறார். என்னத்தை உங்களுக்கு எழுதினார் என்று கேட்டேன், முதுகைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார். இந்த ஆள் ஒரு கதையைச் சொல்லாமல் விட்டது நான் கல்யாணம் முடித்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு வரி ஏசியாவது போடுங்கோ.

உங்கட மச்சாள்,
கல்யாணி


கரவெட்டி,
7.12.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். உங்கள் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன, மச்சாளுடையதும் கிடைத்தது. தபால்மீது பழி போடாதீர்கள். கப்பல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கயிறு அறவில்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த நாள் காலை எல்லாரும் தூங்கும்போது மேடைக்குப் போய்ப் பார்த்தேன். முழுதாகக் கிடந்தது. சுருட்டி எடுத்து வந்து, நம் கிணற்றுக் கப்பியில் கட்டினேன். மூன்று வருடம் நீங்கள் அந்தக் கயிற்றில்தான் தண்ணீர் அள்ளிக் குளித்தீர்கள். நான் குசினி வாசலில் நின்று பார்ப்பேன். இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று. கயிறு தேய்ந்ததே தவிர அறவில்லை. பிறகு அது இற்றுப்போய் வேறு வாங்கினோம். நீங்கள் சொல்லவில்லை.

கோபித்து ஒரு கடிதம் எழுதக் கேட்டீர்கள். அது இவ்வளவுதான். முடிந்தது.

இனி மற்றது. அண்ணா, உங்கள் மாலைக் கதையை வாசித்துவிட்டு நான் சிரித்த சத்தத்தில் பக்கத்து வீட்டு மகேசன் வேலியால் எட்டிப் பார்த்தார். என்ன என்று கேட்டார். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். "முதுகிலை ரெலிபோன் நம்பரோடையோ!" என்று நிலத்தில் இருந்துவிட்டார். அவரிடம் பாட்டுப் பதிகிற ஒரு பழைய ரேடியோ கசெற் பெட்டி இருக்கிறது. பற்றரி இல்லாத காலத்தில் செய்தி கேட்டது போலச் செய்வோம் என்றார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, அறுபத்தாறு வயதில் அவர் பெடலைச் சுற்ற, நான் பக்கத்தில் நின்று பாடினேன்.

"இன்னும் வேகமாச் சுத்துங்கோ, மகேசன் அண்ணை!"

"நீ பாட்டை முடி, என்ரை மூச்சு முடியப்போகுது!"

ஆறு தரம் எடுத்தோம். ஒரு தரம் ஆடு கத்திவிட்டது, ஒரு தரம் நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் களைத்து மெதுவாகச் சுற்றிய இடங்களில், போட்டுக் கேட்கும்போது என் குரல் கீச்சென்று மேலே ஏறுகிறது. உங்கள் ஐரிஸ் அம்மாவுக்கு அது பிடிக்கலாம்.

அதே ராணிப் பாட்டுத்தான். முதல் இரண்டு அடியும் இதில் இல்லை. அவற்றை அறுபத்துநாலிலேயே பாடிவிட்டேன், நீங்களும் கேட்டீர்கள். மூன்றாவது அடியில் தொடங்கியிருக்கிறேன்.

எனக்கு ஐம்பத்தைந்து வயது. இருமலும் இருக்கிறது. இடையில் மூச்சு நிற்கும். நிற்கிற இடத்தில் பாட்டு முடிந்தது என்று நினைத்து எழும்பிவிடாதீர்கள். நாலாவது அடி இருக்கிறது.

வரதராஜன் மாஸ்டர் கொழும்புக்குப் போகிறார். அங்கிருந்து தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். மச்சாளுக்கு என் அன்பு. அவர் இனி உங்கள் கதைகளைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தங்கை,
ஆனந்தவல்லி


மவுண்ட் வெல்லிங்டன்,
18.1.1998

தங்கச்சி, என்ர ராசாத்தி, எப்படி இருக்கிறாய்? மகேசனுக்கு நாரி நோவு மாறினதோ? ஆறு தரம் சுற்றின மனுஷன், நல்லெண்ணெய் போடச் சொல்லு. கறுப்புக் குட்டிக்கும் பாட்டில் பங்கு இருக்கிறதோ?

கசெற் வந்திட்டுது! நேற்றுப் பதினொரு மணிக்கு. தபால்காரப் பெண் தூரத்தில் வரும்போதே இரண்டு கையையும் விட்டுவிட்டுச் சைக்கிள் ஓடினாள், பொதியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு. உன் கடிதத்தை ஒன்பது தரம் வாசித்துவிட்டேன். கிணற்றுக் கயிற்றை நினைக்க நினைக்கச் சிரிப்பும் வருகிறது, மற்றதும் வருகிறது. மூன்று வருஷம்! ஒருநாள் வாளியைத் தூக்கி என் தலையில் போட்டிருக்கலாமே, அடியே.

கல்யாணியிடம் எல்லாத்தையும் சொல்லிவிட்டேன். நன்றாக ஏசினாள். ஏசி முடித்துவிட்டுத் தோசை சுட்டாள்.

கசெற்றை இன்னும் போடவில்லை. மேசையில் எனக்கு முன்னால் இருக்கிறது. நேற்றுப் போடுவோம் என்றிருந்தேன், பேரப்பிள்ளைகள் சத்தம். இன்று காலமை போடுவோம் என்றிருந்தேன், பக்கத்து வீட்டுக்காரன் புல்லு வெட்டினான். உஷாவும் வந்து முன்னறையில் இருக்கிறாள், ஐரிஸ் அம்மாவுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று இன்னொரு வெறும் கசெற்றோடு. "அண்ணே, நடுமேடைக்கு ஏறத் தெரிஞ்ச ஆளுக்கு ஒரு பட்டனை அமுக்கப் பயமா?" என்கிறாள். பயம் என்ன பயம். கடிதத்தை முடித்துவிட்டுப் போடலாம் என்று இருக்கிறேன், அவ்வளவுதான்.

கல்யாணி இப்போது வந்து மேசையில் இருந்த கசெற்றைப் பறித்துக்கொண்டு போகிறாள். "நீங்கள் எழுதிக்கொண்டிருங்கோ, நாங்கள் கேக்கிறம்" என்கிறாள். போகட்டும். உனக்கு முதல் கடிதத்தில் ஒரு கதை மீதி வைத்திருந்தேனே, அந்தச் சமோவாக்காரன், கோழிப் பெட்டி தூக்கும்போது பாடுவான் என்றேனே. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒருநாள் அவன் தலைக்கு மேலே மூன்று பெட்டி அடுக்கித் தூக்கிக்கொண்டு வருகிறான், பாட்டு நடக்கிறது, முன்னறையில் ஏதோ கிர் கிர் என்று சைக்கிள் சங்கிலிச் சத்தம் கேட்கிறது, அது மகேசனாக இருக்க வேண்டும், அவன் வந்த வழியில் நிலம் ஈரம், வழுக்கி, மூன்று பெட்டியும் கீழே, கோழியெல்லாம் நிலத்தில், மேற்பார்வைக்காரன் ஓடி வருகிறான், அவன் என்ன செய்தான் என்று நினைக்கிறாய், பாட்டை விடவில்லை, குனிந்து கோழியைப் பொறுக்கிக்கொண்டே மற்ற அடியை எடுத்தான், நாங்கள் எல்லாரும் அப்படியே வேலையை விட்டுவிட்டு, கல்யாணி கூப்பிடுகிறாள், "இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ, மச்சாள் தொடங்கிட்டா" என்று, நான்